மாப்பிள்ளையின் சுட்டுவிரல்

விரல் வலிக்கு வெந்நீர் நல்லதா, ஐஸ் நல்லதா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் இரண்டையும் செய்து பார்த்தவன். அடுப்படியில் இரண்டு கிண்ணங்களை அருகருகே வைத்துக்கொண்டு, மோதிர விரலை ஒன்றில் முக்கி எடுத்து அடுத்ததில் முக்குவேன். என் தங்கை ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, எந்தக் கிண்ணத்தில் உப்பு பார்க்கிறாய் என்று கேட்டுச் சிரித்தாள்.

டாக்டர், நீங்கள் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னபோதே எதற்கென்று புரிந்துவிட்டது. நீங்கள் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் என்னைப் பற்றித் தப்பான எண்ணம் வந்துவிடும். அதனால் முதலிலிருந்து வருகிறேன். வெளியே ஆட்கள் காத்திருப்பது தெரியும். வளர்த்த மாட்டேன்.

பேஸ் கிட்டாருக்கு நான்கே கம்பி. ஆனால் ஒவ்வொன்றும் தடித்த கம்பி. இடது கை அழுத்திப் பிடிக்க வேண்டும், வலது கை விரல்கள் சுண்டி இழுக்க வேண்டும். பாட்டுக் கேட்க வருகிறவர்கள் யாரும் பேஸைக் கேட்பதில்லை. அது நின்றுபோனால் மட்டும் என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் குழுவில் நான்கு பேர். ஆற்றோரத்தில் ஓர் உணவகத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வாசிப்போம். பாட்டுக்காரி பகலில் கணக்கு டீச்சர். கீபோர்டு வாசிப்பவர் அவளுடைய கணவர். டிரம்மரை வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் சித்தப்பா என்று கூப்பிடுவோம். அவருக்கு வேறு பெயர் இருப்பதே அவருக்கு மறந்திருக்கும்.

என் மோதிர விரலில் வலி மெல்லத்தான் வந்தது. காலையில் எழுந்தால் மடக்கிய விரல் நிமிராது. இன்னொரு கையால் பிடித்து நிமிர்த்தினால் உள்ளே ஏதோ தடை தாண்டுவதுபோல் ஒரு சொடுக்குக் கேட்கும். வாசிக்கிறவன் உடம்பு என்றால் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டேப் சுற்றிக்கொண்டேன். மரத்துப்போக வைக்கிற களிம்பு தடவிக்கொண்டேன். நுனியில் கொப்புளம் வெடித்தால் சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு மூடிக்கொண்டேன். உங்களிடம் வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். நீங்கள் திட்டினீர்கள். ஊசி போட்டீர்கள், பட்டை கட்டினீர்கள், ஆறு மாதம் கம்பியைத் தொடக் கூடாது என்றீர்கள். நான் தொடவில்லை. என்னைப்போல் சொன்ன பேச்சைக் கேட்ட நோயாளி உங்களுக்கு அதிகம் பேர் கிடைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு ஆள் வேண்டுமே. என் தங்கை கணவரின் பெயரைச் சொன்னது நான்தான். மாப்பிள்ளை என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பல் செட் செய்கிற கூடத்தில் வேலை. மேசை விளக்கின் கீழே உட்கார்ந்து, சின்னக் கத்தியால் மெழுகைச் செதுக்கிச் செதுக்கிக் கடைவாய்ப் பற்கள் செய்வார். இந்தத் தெருவில் பாதிப் பேர் என் வேலையை வைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்பார். படிக்கிற காலத்தில் பேஸ் வாசித்திருக்கிறார். சுமாராக வாசிப்பார் என்று நினைத்தேன். எனக்கும் சுமாரான ஆள்தான் வேண்டியிருந்தது. இதில் தப்பு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தன் இடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறவன் எவனும் தன்னைவிடக் கெட்டிக்காரனை வைப்பதில்லை.

என் கிட்டாரையே கொடுத்தேன். முதல் ஞாயிறு தடுமாறினார். மூன்றாவது ஞாயிறு நான் ஓர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நடுப்பாட்டில் அவர் ஓர் இடத்தில் வாசிப்பதை நிறுத்தினார். நிறுத்தி, எல்லாரும் ஏங்குகிற அளவுக்கு விட்டுவிட்டு, பிறகு உள்ளே வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றாத ஒன்று அது. சித்தப்பா மேளத்துக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். என்னோடு வாசிக்கும்போது அவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

என் தங்கை அன்று முன்வரிசையில் இருந்தாள். நான் வாசிக்கிற காலத்தில் ஒரே ஒருமுறை வந்தாள், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாதியில் எழுந்து போனாள். இப்போது வாரம் தவறாமல் வந்தாள். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கணவன் வாசித்தால் மனைவி வரத்தான் செய்வாள்.

அன்று படி இறங்கும்போது சித்தப்பா என் தோளைத் தட்டினார்.

"நீ நல்லா ரெஸ்ட் எடுப்பா. அவசரமே இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், ஒலி இன்னும் உருண்டு வர வேண்டுமென்றால் கம்பியை ஏற்ற வேண்டும் என்றேன். திருகாணியைத் திருகி நான்கு கம்பியையும் ஒரு நூல் அளவு உயர்த்தினேன். இன்னும் தடித்த கம்பியும் மாட்டினேன். உயர்ந்த கம்பியில், தடித்த கம்பியில், ஒலி உருண்டு வரும் என்பது பொய்யில்லை. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். விரலுக்குத்தான் வேலை கூடும். அவருக்கு வலி என்றால் என்னவென்று கொஞ்சம் தெரியட்டும் என்று நினைத்தேன். என் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என் வலியில் ஒரு பங்காவது தெரிய வேண்டாமா. அதற்கு மேல் எனக்கு வேறு எண்ணம் இல்லை.

கொப்புளம் வந்தது, வலது சுட்டுவிரல் நுனியில். மாப்பிள்ளை ஒரு வாரம் நிறுத்தலாமா என்று கேட்டார். நிறுத்தினால் தோல் மறுபடி மென்மையாகிவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றேன். டேப் எப்படிச் சுற்றுவது என்று காட்டிக்கொடுத்தேன். களிம்பு கொடுத்தேன். கொப்புளம் வெடித்ததும் என் சூப்பர் குளூவைக் கொடுத்தேன். டாக்டர், இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் அவரிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவரிடம் சொன்னது எல்லாமே எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான். நான் செய்துகொள்ளாத எதையும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

ஒரு வித்தியாசம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை உண்டு. தங்கை ஆரம்பத்திலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள், அவருக்குப் புண் வந்தால் ஆறாது, பார்த்துக்கொள் என்று. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாரத்துக்கு இரண்டு தடவையாவது அந்த விரலைப் போய்ப் பார்த்தேன். அவருடைய கூடத்துக்கே போவேன். மேசையில் வரிசையாகப் பற்கள் சிரித்துக்கொண்டிருக்கும். மெழுகுக் கத்தியை நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் மாற்றிப் பிடித்துச் செதுக்கிக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும், வாங்க மச்சான், வலிச் சங்கத் தலைவரே என்பார். நாங்கள் இருவரும் அவ்வளவு நெருக்கமாக அதற்கு முன் இருந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை தங்கை கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் கையை ஒரு துண்டின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள்வரை நுனியில் மட்டும் இருந்த வீக்கம் விரல் முழுக்க ஏறியிருந்தது. தோல் பளபளவென்று இருந்தது. விரல் பாதி மடங்கி நின்றது. அவருக்கு உடம்பு லேசாகச் சுட்டது.

கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். விரலின் அடியில், உள்ளங்கைப் பக்கமாக, நுனியிலிருந்து கீழ்வரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தேன். வழி நெடுக வலித்தது. பிறகு நுனியைப் பிடித்து நிமிர்த்தினேன், கொஞ்சம்தான். மாப்பிள்ளை சத்தம் போடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

நீங்கள் எனக்குக் காட்டிக்கொடுத்தபடியேதான் பார்த்தேன். இதே அறையில், இதே நாற்காலியில் உட்காரவைத்து, குளூ விட்டதற்குத் திட்டிவிட்டு, என் விரலையே பிடித்துக் காட்டினீர்கள். விரல் முழுக்க வீங்கினால், மடங்கியே நின்றால், அடியில் நெடுக வலித்தால், நிமிர்த்தும்போது உயிர் போனால், உள்ளே தசைநார் ஓடுகிற குழாயில் சீழ் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஓடி வா, ஒரு ராத்திரி தாமதித்தாலும் விரல் தங்காது என்றீர்கள். நல்ல விளக்கம். எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். இப்பவே டாக்டர்கிட்ட போயிடலாமா அண்ணா என்று கேட்டாள். மாப்பிள்ளையும் என் முகத்தைப் பார்த்தார். அந்த வீட்டில் விரலைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"ஒண்ணுமில்ல மாப்ள," என்றேன். "சதை கெட்டிப்படறதுக்கு முன்னாடி இப்படித்தான் ஒரு ஆட்டம் ஆடும். எனக்கும் ஆச்சு. டாக்டர்கிட்ட போனா ஆறு மாசம் தொடாதேன்னு சொல்லுவார். அப்புறம் உங்க இஷ்டம்."

முடிவை அவரிடம்தான் விட்டேன். இதை நீங்கள் மறக்கக் கூடாது. ஆறு மாதம் என்ற வார்த்தைதான் அவரைப் பிடித்தது என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முடியட்டும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். வலிக்கும் சூட்டுக்கும் என்னிடம் இருந்த மாத்திரையைக் கொடுத்தேன். அதைப் போட்டால் காய்ச்சல் வெளியே தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்காகக் கொடுக்கவில்லை. வலிக்கிற மனிதருக்கு மாத்திரை கொடுக்காமல் இருக்க முடியுமா.

சனிக்கிழமை நான் அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டில் துணி துவைத்தேன். தங்கை போனில் கூப்பிட்டபோது, எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். தூங்குகிறார் என்றாள். தூங்கட்டும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வாசித்தார். சுட்டுவிரலை மடக்கி வைத்துக்கொண்டு மற்ற விரல்களால் வாசித்தார். நெற்றியில் வேர்வை வடிந்தது. உதடு வெளுத்திருந்தது. ஆனால் வாசிப்பில் குறை சொல்ல முடியாது. கடைசிப் பாட்டில் அவர் மறுபடியும் அதேபோல் நிறுத்தினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். சரியான இடத்தில் உள்ளே வந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், பட்டை கட்டிய விரலை ஒதுக்கிக்கொண்டு. பாட்டுக்காரி பிறகு என்னிடம் வந்து, இவ்வளவு பெருந்தன்மையாக யாரும் இருக்க மாட்டார்கள் என்றாள்.

திங்கட்கிழமை காலை படுக்கையிலிருந்து அவரால் எழ முடியவில்லை. சிவப்பு முழங்கைவரை ஏறியிருந்தது. மற்றது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் கிழித்துச் சுத்தம் செய்தீர்கள். அது போதாமல் போய், நீங்கள்தான் விரலை எடுத்தீர்கள். கையைக் காப்பாற்றினீர்கள். அதற்கு நான் உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இருக்கும்.

வார்டில் அவருக்குத் துணை இருந்தது நான்தான். தங்கை வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரட்டும் என்று அனுப்பிவிட்டு, தலையணையைத் தூக்கி வைத்து, கஞ்சி ஊட்டி, ஷேவ்கூடச் செய்துவிட்டேன். மாப்பிள்ளை இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைத் தவிர இது யாருக்கும் புரியாது மச்சான் என்றார். நான் அழுதேன். நடிப்பு இல்லை அது. நர்ஸ் பார்த்தாள், கேட்டுப் பாருங்கள்.

பல் கூடத்தில் அவரைப் போகச் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள். செதுக்குகிற மேசையிலிருந்து மாற்றி, முடிந்த பற்களைப் பெட்டியில் போட்டு அனுப்புகிற இடத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். போன வாரம் போயிருந்தேன். அவருடைய பழைய மேசையில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார். தலைவரே என்று இப்போது கூப்பிடுவதில்லை.

தங்கை ஒரே ஒருமுறை கேட்டாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல்.

"அண்ணா, உனக்கு நிஜமாவே தெரியலையா?"

தெரியலம்மா என்றேன். சின்ன வயசிலிருந்தே என் பேச்சை நம்புகிறவள். கழுவிய தட்டையே மறுபடி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நீங்கள் கேட்டதும் அதைத்தான். தெரிந்து சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா என்று. தெரிந்துதான் சொன்னேன், டாக்டர். வெள்ளிக்கிழமை அந்த விரலை நிமிர்த்தியபோதே தெரியும். அதற்கு முன்னால், கம்பியை ஏற்றும்போது எவ்வளவு தெரியும் என்று கேட்டால், அதை அளந்து சொல்ல எனக்கு வரவில்லை. அவர்களிடம் சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை இப்போதுதான் கொஞ்சம் மனசு தேறி வருகிறார். தங்கைக்கும் சாய்ந்துகொள்ள நான் ஒருவன்தான் இருக்கிறேன். அதைப் போய்க் கெடுக்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். அவர்கள் நலனுக்காகத்தான் சொல்கிறேன்.

சரி, வந்த வேலையைப் பார்ப்போம். பட்டையை நானே கழற்றிவிட்டேன். விரல் நன்றாகத்தான் மடங்குகிறது, அடியில் மட்டும் ஒரு சின்ன இறுக்கம். இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவசரப்பட்டு ஏதாவது ஆகிவிடக் கூடாது, விரல் விஷயம் பாருங்கள். தயங்காமல் அழுத்திப் பாருங்கள், டாக்டர். நான் வலி தாங்குவேன்.