ஃப்ரிட்ஜ் கோர்ட்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் பத்தொன்பது வருடம் உழைத்தது. கதவு சரியாக மூடாது என்பதால் ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்திருந்தோம். அது மூச்சை நிறுத்திய நாளிலிருந்துதான் நீங்கள் கேட்கும் விஷயம் ஆரம்பிக்கிறது. டீ வேண்டாம், நன்றி. விசாரணைக்கு வந்த நீதிபதி, விசாரிக்கும் அதிகாரி வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தார் என்று நாளைக்கே ஒரு பேச்சு கிளம்பும்.

முதலில் சம்பளத்தைச் சொல்லிவிடுகிறேன், எரிச்சல் அங்கிருந்துதான். பதினோரு வருடம் எங்களுக்குச் சம்பளம் ஏறவில்லை. என் முன்னால் நின்று வாய்தா கேட்டுத் தலையைச் சொறியும் வக்கீலின் ஒருநாள் ஃபீஸ், என் ஒரு மாதச் சம்பளம். அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் இந்தச் சம்பளத்தில் எவன் சும்மா இருப்பான், மேல்வரும்படி இல்லாமலா என்று ஊரே பேசியது. வாங்குகிறவனுக்கும் அதே பெயர், வாங்காத எனக்கும் அதே பெயர். வயிறு எரியுமா, எரியாதா?

என் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டுத் தவணையில் புது ஃப்ரிட்ஜ் வாங்கினாள். அது வந்து இறங்கிய அன்று நான் ஒரு கட்டட மேஸ்திரியை விடுதலை செய்திருந்தேன். நியாயமான தீர்ப்பு, இன்றைக்கும் சொல்வேன். மறுநாள் நீதிமன்ற வாசல் டீக்கடையில் ஒருவன் என் காதுபடவே சொன்னான்: "வீட்டுக்குள்ள ஃப்ரிட்ஜ் போச்சு, ஜெயில்லேர்ந்து ஆளு வந்தாச்சு." எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் நீதிமன்றத்துக்கு ஃப்ரிட்ஜ் கோர்ட் என்று பெயர்.

"நீங்க யார்கிட்டயும் கை நீட்டலையே, அப்புறம் என்ன? ஒரு சாமான் வாங்க ஊரைக் கேட்டுக்கிட்டா இருக்க முடியும்?" என்றாள் மனைவி. அவளுக்குப் புரியவில்லை. கை நீட்டாமல் இருந்தால் மட்டும் போதாது, நீட்டவில்லை என்று ஊர் நம்பவும் வேண்டும். அந்த நம்பிக்கை போய்விட்டால் நீதிமன்றம் என்பது நாலு சுவரும் ஒரு மேஜையும்தான்.

அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் புதிதாக ஏதாவது வந்தால் அந்த வாரம் யாரையும் விடுதலை செய்வதில்லை. தீர்ப்பைத் தள்ளிப்போட்டிருக்கலாமே என்பீர்கள். தள்ளிப்போட்டால் பேரம் படியவில்லை என்பார்கள். வாஷிங் மெஷின் வந்த வாரம் ஒரு கண்டக்டருக்கு இரண்டு வருடம். சோபா வந்த வாரம் ஒரு நர்ஸுக்கு மூன்று. சந்தேகத்தின் பலனை அவர்களுக்குக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை, அவ்வளவுதான். தவறென்றால் மேல்முறையீட்டில் சரி செய்துகொள்ளட்டும். டீக்கடையில் பேச்சு மெல்ல அடங்கியது.

பிறகு ஒருவழியாகச் சம்பளம் உயர்ந்தது. நிலுவைத் தொகையும் சேர்ந்து வந்தது. அதில் ஒரு காருக்குப் பணம் கட்டினேன். என் மருமகன் நல்ல பிள்ளை, ஆனால் அவசரக்காரன். நான் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்பே, ஒரு வியாழக்கிழமை மாலை, புதுக் காரை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தி இரண்டு தடவை ஹாரன் வேறு அடித்தான். தெருவே எட்டிப் பார்த்தது. வெள்ளிக்கிழமை வாட்ச்மேன் வழக்கில் தீர்ப்பு.

கிடங்குக்குத் தீ வைத்து ஒருவரைக் கொன்றதாக அவன்மேல் வழக்கு. தீப்பிடித்த நேரத்தில் அவன் ஆஸ்பத்திரியில் மனைவியின் கட்டிலருகே இருந்தான். டாக்டரே வந்து சாட்சி சொன்னார். விடுதலை என்று பன்னிரண்டு பக்கம் ஏற்கெனவே சொல்லித் தட்டச்சும் ஆகியிருந்தது. காலையில் ஸ்டெனோ அம்மாவைக் கூப்பிட்டு, முடிவை மாற்ற வேண்டும் என்றேன்.

"ஐயா, முதல் பக்கத்துலேர்ந்து அவன் நிரபராதின்னுதானே சொல்லிட்டு வர்றோம்?"

"அதையும் மாத்திடலாம்மா. டாக்டர் சாட்சியம் நம்பும்படியா இல்லைன்னு போடுங்க."

நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆயுள் தண்டனை. அந்தம்மா பழைய பன்னிரண்டு பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அதுதானே உங்கள் மேஜைமேல் இருக்கிறது? ஆமாம், ஓரத்தில் இருக்கும் திருத்தங்கள் என் கையெழுத்துதான்.

மேல்முறையீட்டு மனு பதிவாகி எண் விழுவதற்குள், நாலாவது மாதம், அவன் சிறையில் தூக்குப் போட்டுக்கொண்டான். எனக்கும் வருத்தம்தான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டீர்கள். ஏழு. வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்தால் வரிசையாகச் சொல்லிவிடுவேன். ஏழு பேருமே குற்றம் செய்யாதவர்கள். தண்டனை எழுதும்போதே எனக்கு அது தெரியும். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எவரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை.

வாட்ச்மேனின் மனைவி ஒருநாள் நீதிமன்ற வாசலில் காத்திருந்தாள். சண்டை போடவில்லை, அழவும் இல்லை. "இந்த ஜட்ஜய்யா காசுக்கு மசிய மாட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்க. அதை நம்பி நிம்மதியா இருந்தோம்" என்றாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஊர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதை அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள். என் நேர்மைக்கு அவளைவிட நல்ல சாட்சி கிடைக்காது.