ஆள் எப்படி என்று கேட்டார்கள்

முதலில் தண்ணீர் குடியுங்கள். மூன்று பேருக்கும் ஊற்றி வைத்திருக்கிறேன். விசாரணைக்கு வேறு அறை கிடைக்கவில்லை என்று என் அறைக்கே வந்துவிட்டீர்கள். அதுவும் பொருத்தம்தான். இந்தப் பல்கலைக்கழகத்தில் யாருக்கு மனக்கஷ்டம் என்றாலும் கடைசியில் இந்தச் சோபாவில்தான் வந்து உட்காருவார்கள். அது கொஞ்சம் உள்வாங்கும், எழுந்திருக்கச் சிரமமாக இருக்கும். பார்த்துப் பார்த்து நான்தான் வாங்கினேன்.

ஆய்வாளர் ஆதரவு மையம் என்று கதவில் பலகை தொங்குகிறதே, மையம் என்றால் நான் ஒருத்திதான். என் வயதுக்கு அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும். பிள்ளைகள் அக்கா என்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள் வருவார்கள், பட்டம் வாங்கியும் வருஷா வருஷம் ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்டாக்குகள் வருவார்கள். போஸ்ட்டாக் என்றால் என்ன என்று என் நாத்தனார் ஒருமுறை கேட்டாள். கல்யாணம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகும், பெண்ணை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று தெரியாமல் மண்டபத்திலேயே உட்கார வைத்திருப்பது என்றேன். புரிந்துவிட்டது அவளுக்கு.

மேலிடம் இவர்களுக்காக எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். நல்வாழ்வு வாரம் கொண்டாடினோம். ஆளுக்கொரு கள்ளிச்செடித் தொட்டி கொடுத்தோம். மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தார். எல்லோரும் கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பேராசிரியர் தன் மாணவனுக்குச் செய்தி அனுப்பினார்: "மூச்சு விட்டு முடிச்சதும் அந்தப் படத்தை அனுப்பு." பையன் மூச்சை விடாமலேயே எழுந்து ஓடினான்.

சரி, நீங்கள் கேட்க வந்தது அந்தப் போன் விஷயம்.

வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஒருவரை வேலைக்கு எடுக்குமுன் அந்தத் துறைத்தலைவர் இங்கே ஒரு போன் போடுவார். பரிந்துரைக் கடிதத்தை யாரும் நம்புவதில்லை, அதில் எல்லோருமே மேதைகள். போனில்தான் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "அதெல்லாம் இருக்கட்டும், ஆள் எப்படி?" பதில் சொல்ல வேண்டியவர் பேராசிரியர். நம் பேராசிரியர்கள் ஒன்று விமானத்தில் இருப்பார்கள், இல்லாவிட்டால் கேட்கப்படுகிற ஆளின் முகம் அவர்களுக்கு நினைவுக்கு வராது. "அக்கா, நீங்களே பேசிடுங்க. பசங்களைப் பத்தி உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும்" என்று இந்த மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். எனக்கு எல்லாம் தெரியும் என்பதும் உண்மைதான்.

புகார் கொடுத்திருக்கிறாளே, அவள் சிலந்திகளை ஆராய்கிறவள். சிலந்திக்காரி என்றால் காவலாளிக்குக்கூடத் தெரியும். புருஷனும் பெண் குழந்தையும் வேறு ஊரில். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். பள்ளியில் டீச்சர் அம்மா எங்கே என்று கேட்டதற்குக் குழந்தை "போனுக்குள்ள" என்று சொன்னதாம். இதே சோபாவில் உட்கார்ந்துதான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள். சில மாதம் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்ததையும் சொன்னாள். புருஷனுக்குக்கூடத் தெரியாது என்றாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அப்புறம் புருஷனும் குழந்தையும் இருக்கிற அந்த ஊரிலேயே வேலை வந்தது. நிரந்தர வேலை. கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டாள். நேர்காணலுக்கு அவளைத் தயார் செய்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டேன். வார்த்தையை மென்று விழுங்காமல் பேசச் சொன்னேன். சட்டைக் காலரைக்கூட நானே தேய்த்துக் கொடுத்தேன். அவளும் நன்றாகத்தான் செய்துவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்து அந்தத் துறைத்தலைவர் கூப்பிட்டார்.

"ஆள் எப்படிங்க?"

"தங்கம். அழுதுகிட்டே இருந்தாலும் கை வேலையை நிறுத்தாது."

"அழுவாங்களா?"

"இப்ப இல்லைங்க. மாத்திரையை நிறுத்தினப்புறம் ரொம்பத் தேவலை. பக்கத்துல இருந்து பாத்துக்க ஒரு ஆள் இருந்தாப் போதும். உங்ககிட்ட என்னை மாதிரி யாராவது இருக்காங்களா?"

"அப்படி யாரும்..." என்று இழுத்தார்.

"பரவாயில்லைங்க. நல்லா யோசிச்சு எடுங்க."

இதில் பொய் என்று ஒரு வார்த்தை காட்டுங்கள் பார்ப்போம்.

வேலை வேறு யாருக்கோ போயிற்று. அவள் இங்கே வந்து விழுந்தாள். நான் சும்மா இருக்கவில்லை. அவளுடைய பேராசிரியரை விமான நிலையத்திலேயே பிடித்து, ஒப்பந்தத்தை இன்னொரு வருஷம் நீட்டிக்க வைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லைன்னா நான் என்ன ஆயிருப்பேன்க்கா" என்றாள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் துறைத்தலைவர் நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களால்தான் காரியம் கெடுகிறது. ஒரு கருத்தரங்கில் தேநீர் நேரத்தில் இவளைப் பார்த்தவர், பரிவாக விசாரித்திருக்கிறார்: "இப்ப உடம்பு தேவலையாம்மா? மாத்திரை இல்லாம சமாளிக்க முடியுதா?"

திரும்பி வந்ததும் நேரே இங்கேதான் வந்தாள். உட்காரவில்லை.

"மாத்திரை விஷயம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"ஆமாம்மா."

"என் வீட்டுக்காரருக்கே தெரியாது."

"அவர்கிட்ட நான் மூச்சு விடலையே."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கீங்க."

"உட்காரும்மா. தண்ணி குடி."

"உட்கார மாட்டேன். இந்த வருஷம் என் பொண்ணு என் பக்கத்துல படுத்துத் தூங்கியிருப்பா. அது உங்களுக்குப் புரியுதா இல்லையா?"

புரிகிறது என்றேன். புரியாமல் என்ன? ஆனால் குழந்தை நன்றாகத்தான் வளர்கிறது, போட்டோ பார்த்தேன்.

ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். இங்கிருந்து போனவர்கள் யாராவது திரும்பிப் பார்த்திருக்கிறார்களா? ஏறின ஏணியை எட்டி உதைக்கிற கூட்டம். வேலை கிடைக்கிறவரைக்கும் அக்கா, அக்கா. கிடைத்த மறுநாள் ஒரு வணக்கத்தோடு சரி. இருப்பவர்கள் அப்படியில்லை. திரும்பத் திரும்ப வருவார்கள். அப்படி வருவதைப் பார்த்துத்தான் மேலிடமும் மையம் சிறப்பாக நடக்கிறது என்று எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. சுகமாக இருப்பவன் எதற்கு இந்தக் கதவைத் தட்டப் போகிறான்? பேராசிரியர்களுக்கும் சந்தோஷம், பழகின கை பக்கத்திலேயே இருக்கிறது. அவர்களுக்கு விஷயம் தெரியுமா என்று விசாரித்துப் பாருங்கள். தெரியாது. தெரிந்துகொள்ளும் அவசியம் அவர்களுக்கு வரவில்லை.

எத்தனை பேர் என்று அவளும் கேட்டாள், நீங்களும் கேட்கிறீர்கள். பெற்றவள் எத்தனை வாய் ஊட்டினேன் என்று எண்ணிக்கொண்டிருப்பாளா? யாருக்காகப் போன் வந்ததோ அவர்களைப் பற்றியெல்லாம் சொன்னேன். அவரவர் என்னிடம் அழுததைத்தான் சொன்னேன். சொந்தமாக எதையும் சேர்க்கவில்லை.

நடுவில் இருக்கிற தம்பி, தலையைக் குனியாதீர்கள். நீங்களும் இங்கே படித்தவர்தான். உங்களைப் பற்றி வந்த போனை அன்றைக்குப் பேராசிரியரே எடுத்துவிட்டார். அதனால்தான் நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். வேறொன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்தேன் என்று பேர் வேண்டாம். விசாரணை முடியும்வரை நான் வேலையில் இருக்கலாம் என்று சொன்னவர்கள் நீங்கள்தான். போனை வேறு மேசைக்கு மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நேற்று மதியம் அதே ஊரிலிருந்து, வேறொரு கல்லூரியிலிருந்து, ஒரு அம்மா பேசினார். சிலந்திக்காரி அங்கே விண்ணப்பித்திருக்கிறாள், என்னிடம் சொல்லவே இல்லை. ஆள் எப்படி என்று கேட்டார்.

"ரொம்ப நல்ல பொண்ணுங்க," என்றேன். "கொஞ்ச நாளாத்தான், தன்னைப் பாத்துக்கிறவங்க மேலயே சந்தேகப்படுறா. புகார் குடுக்கற அளவுக்குப் போயிருச்சு. பாவம்."

அந்த அம்மா ரொம்ப நன்றி சொன்னார். நல்லவேளை முன்கூட்டியே தெரிந்தது என்றார்.

நான் வேறென்ன செய்திருக்க வேண்டும்? இந்த நிலையில் அவளை அவ்வளவு தூரம் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. நீங்களே சொல்லுங்கள், அந்த ஊரில் அவளுக்கென்று யார் இருக்கிறார்கள்?