கைரேகை எந்திரம் எந்தப் பக்கம்?

மேடைக்கு மேன்மை சேர்த்து வீற்றிருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே, அனுபவத்தால் நரைத்த மூத்தோர்களே, காலையில் வளையலைக் கழற்றித் தட்டில் போட்டு, உள்ளே வந்து மாட்டி, மாலையில் மறுபடி கழற்றும் தாய்மார்களே, வாயில் காக்கும் தோழர்களே! ஃபிட்டரான அடியேனின் வணக்கம்.

நம் ஆலையின் காவலைக் குறை சொல்வேனா? கொசு நுழைந்தாலும் அடையாள அட்டை கேட்கும் காவல் அது! ஆனால் அமைப்பு? உலோகம் பட்டால் கூவும் மூன்று சோதனை வாசல்கள். மூன்றையும் தாண்டினால்தான் கைரேகை வைக்கும் வருகை எந்திரம். வாசலில் நிற்பவன் வந்தவனா, வராதவனா? எந்திரத்தைக் கேளுங்கள், அவன் இன்னும் வீட்டில் தூங்குகிறான் என்கிறது!

எங்கள் வெல்டர் அண்ணனுக்கு, எலும்பு முறிந்த காலுக்குள் எஃகுத் தகடு வைத்திருக்கிறார்கள். வாசல் கூவுகிறது. பெல்ட்டைக் கழற்றுகிறார், கூவுகிறது. ஷூவைக் கழற்றுகிறார், கூவுகிறது!

"அண்ணே, இன்னும் என்னதான் வச்சிருக்கீங்க?" என்கிறார் காவலர்.

"காலை வச்சிருக்கேன் தம்பி. கழட்டித் தரவா?"

சிரிக்கிறீர்கள். தினமும் இதேதான்! பின்னால் இருநூறு பேர் நிற்கிறார்கள். உள்ளே வந்தவர் படபடப்போடு பற்றவைக்கிறார், கோணலாகிறது, அறுத்துவிட்டு மறுபடி பற்றவைக்கிறோம். முதல் ஒருமணி நேர உற்பத்தி என்ன? பூஜ்யம்! அவருக்குக் கிடைத்தது என்ன? தாமதத்துக்கு மூன்று மெமோ! நாளை விசாரணை. இருபத்திரண்டு வருட வேலை நாளை போகப் போகிறது.

என்ன, பின்வரிசையில்? "ஐயாகிட்டயே கேளுங்க" என்கிறீர்களா? கேட்கிறேன்!

ஐயா, கூட்டம் நான்கு மணிக்கு. கார் வாசல் பழுதானதால் எங்கள் வரிசையில் நின்றீர்கள். பெல்ட்டைத் தட்டில் போட்டு, கால்சட்டையைக் கையில் பிடித்தபடி வந்து சேர்ந்தது நாலே முக்காலுக்கு!

"ஒருநாள் லேட்டாயிடுச்சுப்பா" என்கிறீர்கள். ஒருநாள்தான் ஐயா. நாற்பத்தைந்து நிமிடத் தாமதத்துக்கு எழுந்து நின்று கைதட்டினோம். இருபது நிமிடத் தாமதத்துக்கு அவருக்கு மெமோ. இது நியாயமா? இது நீதியா? நாலு திருகாணியைக் கழற்றி அந்த எந்திரத்தை முதல் வாசலுக்கு வெளியே மாட்ட, இந்த நாலாயிரம் பேரில் ஆளா இல்லை?

ஐயா எழுகிறார். மைக்கிலேயே சொல்லுங்கள் ஐயா.

"எந்திரத்த வெளிய மாட்டிடுங்க. நாளைக்கு விசாரணை கிடையாது. அவர வேலைக்கு வரச் சொல்லுங்க."

கேட்டீர்களா அண்ணே? வேலைக்கு! அழாதீர்கள்! வரிசையில் நின்று பழகிய பொறுமையோடு என்னையும் பொறுத்துக்கொண்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்!