பக்கங்கள் பத்திரமாக இருக்கின்றன

செருப்பு வாங்கவே செவ்வாய்ப்பேட்டை முழுக்கச் சுற்றுகிற ஆள் நான். எதிலும் அவசரப்பட மாட்டேன். இது தெரிந்துவிட்டால், இன்சூரன்ஸ் விசாரணைக்கு வந்திருக்கும் உங்களுக்கு மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

நாமக்கல் பக்கம் இந்தக் கோழிப்பண்ணையை நடத்துவது என் அக்கா தமிழ்ச்செல்வி. மாமா போன பிறகு ஒற்றை ஆளாக நின்று தூக்கி நிறுத்தினாள். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு நான் ஒத்தாசைக்கு வந்தேன். வந்து பார்த்தால் இங்கே எல்லாமே வாய்ப்பேச்சு. தீவனத்தில் என்ன கலப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். எனக்குத் தலை சுற்றியது. ஒரு விக்கி வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். தெரிந்ததையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி வைப்பது, வேண்டும்போது எல்லோரும் திறந்து பார்ப்பது, அவ்வளவுதான். அதுவும் நம் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட வேண்டும். நம் தீவனக் கலவை கண்காணாத ஊரில் எவனோ ஒருவன் மிஷினில் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

முதலில் போட்ட மென்பொருள் நல்லதுதான், ஆனால் ‘கோழி’ என்று தேடினால் ‘கோழிக்கு’ வராது. இரண்டாவது பார்க்க லட்சணம். யார் எதைத் திருத்தினார்கள் என்று மட்டும் காட்டாது. மூன்றாவது என் மனதுக்குப் பிடித்தது. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் எல்லாப் பக்கங்களையும் புதியதில் ஏற்ற வேண்டியிருந்தது. இதற்கிடையில் ஆட்களுக்கு ஒரு சட்டம் போட்டேன். யாரும் யாருக்கும் வாயால் பதில் சொல்லக் கூடாது, விக்கியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அக்கா சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்ததால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜெனரேட்டர் விஷயத்துக்கு வருகிறேன். கோழி ஷெட் நாலு பக்கமும் படுதா கட்டி மூடியது. ஃபேன் ஓடினால்தான் உள்ளே காற்று. விக்கிக்கும் கரண்ட் வேண்டுமே என்று ஜெனரேட்டரிலிருந்து ஆபீஸ் அறைக்கு நான் தனியாக வயர் இழுத்து, ஒரு லீவர் வைத்தேன். இந்தப் பக்கம் தள்ளினால் ஷெட், அந்தப் பக்கம் தள்ளினால் ஆபீஸ். இரண்டும் சேர்ந்து ஓடாது. லீவர் ஆபீசுக்குள் இருந்தது.

சித்திரை வெயிலில், மத்தியானம் கரண்ட் போனது. பண்ணையாள் சடையன் உடனே ஜெனரேட்டரை ஓட விட்டான். மூன்றாவது மென்பொருளில் பக்கங்கள் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்துவிட்டது. பாதியில் நின்றால் எல்லாம் சிதைந்துவிடும். லீவரை ஆபீஸ் பக்கம் தள்ளினேன்.

அக்கா ஜன்னலுக்கு வந்தாள்.

“சாமி, கோழியெல்லாம் வாயத் தொறந்துட்டு நிக்குது. ஃபேனைப் போட்டு உடு சாமி.”

“கொஞ்சம் பொறுத்துக்கக்கா. முக்காவாசி ஏறிருச்சு.”

நான் குரலை உயர்த்தவே இல்லை. கதவைத் தட்டிப் பார்த்தாள். வேலை நேரத்தில் யாரும் வந்து பேசினால் எனக்குக் கவனம் சிதறும் என்பதால் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். பிறகு அவளும் சடையனும் ஷெட்டுக்கு ஓடி, படுதாவை அரிவாளால் கிழித்தது ஜன்னல் வழியே தெரிந்தது. திரையில் அப்போது ஏறிக்கொண்டிருந்த பக்கம், ‘கரண்ட் போனால் செய்ய வேண்டியவை’. நானே எழுதியது. ஜெனரேட்டரை முதலில் ஃபேனுக்குக் கொடுக்கவும் என்பது அதன் முதல் வரி. எழுத்து எதுவும் உடையாமல் வந்திருக்கிறதா என்று ஒரு முறை படித்துப் பார்த்தேன்.

முடிந்ததும் லீவரை மாற்றினேன். ஃபேன் ஓடியது. முப்பதாயிரம் கோழியில் காற்று வாங்க ஒன்றுகூட மிச்சமில்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனால் பக்கங்களில் ஒன்றுகூடப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

சடையன் ஜெனரேட்டரைப் போடாமல் தூங்கிவிட்டான் என்று ஊரில் பேசுகிறார்கள். அவமானம் தாங்காமல் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். அக்கா யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அவன் தூங்கவில்லை. என்ன ஆகும் என்று தெரிந்தே லீவரைத் தள்ளியது நான்தான். தவறான தகவல் உலவக் கூடாது என்பதற்காக, இதையும் காரணங்களோடு விக்கியில் தனிப் பக்கமாக எழுதியிருக்கிறேன். அக்காவுக்குத்தான் முதலில் அனுப்பினேன். ஒரு தடவை படித்தால் என் பக்கத்து நியாயம் அவளுக்குப் புரிந்துவிடும்.

இன்னும் அவள் என்னோடு பேசவில்லை. விக்கி பாஸ்வேர்டை மறந்திருப்பாள்.