கட்டம் போட்டவள்

உட்காருங்கள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அடியில் அட்டையை மடித்து வைத்திருக்கிறேன், ஆடாது. வெள்ளிவிழா மலருக்குக் கம்பெனியின் வரலாறு எழுதுகிறீர்கள். கீழே எல்லோரிடமும் பேசி முடித்துவிட்டு, தேதிகள் சரிதானா என்று பார்க்கக் கடைசியாக என்னிடம் வந்திருக்கிறீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, பழகிப்போன விஷயம்.

நீங்கள் அனுப்பிய வரைவைப் படித்தேன். என் தங்கைக்கு ஒரு நாள் விடியற்காலையில் யோசனை வந்ததாம். ஒரு தாளை எடுத்து ஒரு முழு நாளை அதில் வரைந்தாளாம். அதிலிருந்துதான் எங்கள் திட்ட டைரி பிறந்ததாம். பத்திரிகைக்காரர்களிடம் அவளே இதைச் சொல்லி, நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். சொல்லும்போது கன்னத்தில் குழி விழும். கேட்கிறவர்களுக்கு அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படாது.

நடந்தது வேறு. அப்போது நான் ஓர் அச்சகத்தில் நோட்டுகளுக்குக் கோடு போடும் ரூலிங் மெஷினில் வேலை பார்த்தேன். அம்மா படுத்த படுக்கை. வீட்டு வேலையை நாங்கள் இருவரும் பிரித்துக்கொண்டோம். பிரித்த மறுநாளே இவள் தன் பங்கை மறந்துவிடுவாள். அதனால் மை தீற்றிய கழிவுத் தாள் ஒன்றில் அவளுக்காக ஒரு பக்கம் வரைந்தேன். இடப்பக்கம் நேரம். வலப்பக்கம் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம், முடித்ததும் டிக் போட. அடியில் ‘இன்று விட்டுப்போனது’ என்று ஒரு வரி. அவள் அதைத் தன் அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள். பார்த்தவர்களெல்லாம் எனக்கும் ஒன்று என்று கேட்டார்கள். யார் செய்தது என்றதற்கு முதலில் "நாங்கதான்" என்றாளாம். ஆறே மாதத்தில் அது "நான்தான்" ஆகிவிட்டது.

கம்பெனி வளர்ந்தது. அவளுக்குக் கண்ணாடி போட்ட முன்னறை, எனக்கு மெஷின் கூடம். அவள் மேடம். நான் அக்கா, அவளுக்கு மட்டுமல்ல, பைண்டர் முதல் காவலாளி வரை அத்தனை பேருக்கும் அக்கா. பொறாமையா என்று கேட்கத் தயங்குகிறீர்கள். ஆமாம், வயிறு எரிந்தது. அவளுக்கு விருது கொடுத்த அன்று அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தேன். பைண்டர் என் பக்கம் சாய்ந்து, "பையை எங்கிட்ட குடுங்கக்கா, நீங்க கை தட்டுங்க" என்றார். நல்ல மனிதர். நான் பையைக் கொடுக்கவில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். விற்ற பொருளை அவள் உண்மையாகவே நம்பினாள். மாதாமாதம் அவளுக்கென்று தனிப் பக்கங்கள் அச்சடித்து, அவளுடைய வளைய டைரியில் கோத்துக் கொடுப்பது என் வேலை. கட்டம் இருந்தால் செய்வாள். கட்டம் இல்லையென்றால் அப்படியொரு வேலையே உலகத்தில் கிடையாது. "என் மூளையை அக்காதான் மாசாமாசம் அச்சடிச்சுக் குடுக்குறா" என்று வேலையாட்களிடம் சொல்லிச் சிரிப்பாள். மேடையில் ஒருநாளும் சொன்னதில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் அவளுக்கு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் சாயங்காலம் மாத்திரை போட வேண்டும், ஆயுள் முழுக்க. பரிசோதனைக்குப் பரிசோதனை அளவு மாறும். டாக்டர் என்னிடம்தான் போனில் சொல்வார், நான் கட்டத்துக்குள் அளவை அச்சடிப்பேன்.

இந்த வருட ஆரம்பத்தில் அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருந்தது. ஐந்து நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார் டாக்டர். பல் எடுத்த மறுநாளே மறுபடி தொடங்கிவிட வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னார். ஐந்து நாளுக்குக் கட்டத்தை எடுத்தேன். அந்த வாரம்தான் வெள்ளிவிழா அழைப்பிதழின் மாதிரி வந்தது. முகப்பில் என் தாள். மை தீற்றிய அதே தாள்தான், படமாக. கீழே அவள் கையெழுத்து. அதைப் பார்த்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினேன். மிச்சமிருந்த நாட்களையும் மாத்திரைக் கட்டம் இல்லாமலே அடித்தேன். ரத்தப் பரிசோதனைத் தேதியையும் விட்டுவிட்டேன். பக்கம் நெருக்கடியில்லாமல் பார்க்க நன்றாகவே இருந்தது.

பல் எடுத்து இரண்டு நாள் கழித்து அவள் மெஷின் கூடத்துக்கு வந்தாள். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

"அக்கா, மாத்திரைக் கட்டத்தைக் காணோமே?"

"டாக்டர் சொன்னதும் போடுறேன்."

"சரி, நீ பாத்துக்கோ."

அன்றைக்கே டாக்டரும் கூப்பிட்டார். "மாத்திரை ஆரம்பிச்சாச்சாம்மா?"

"ஆரம்பிச்சாச்சு டாக்டர்."

இரண்டு பேருமே என்னை நம்பினார்கள். நான் நம்பகமானவள். கீழே யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த வாரம் அவள் மேசையில் டைரி திறந்து கிடந்தது. விழா நாளின் பக்கத்தில் அவளே பேனாவால் ஒரு கட்டம் வரைந்திருந்தாள், கோணல்மாணலாக. கட்டம் போட அவளுக்கு வரவே வராது. பக்கத்தில் எழுதியிருந்தது: ‘முதல் தாள் அக்கா வரைந்தது. இத்தனை வருஷம் சொல்லாமல் விட்டது தப்பு. மேடையில் சொல்லி, அவளை மேலே கூப்பிட வேண்டும்.’

அப்போதும் நேரம் இருந்தது. மாத்திரை அவள் மேசை இழுப்பறையில்தான் இருந்தது, நான் நின்ற இடத்திலிருந்து கைக்கு எட்டும். நான் நினைத்ததை அப்படியே சொல்கிறேன். இவள் அதைச் சொல்வாள். குரல் தழுதழுக்கும். எவ்வளவு பெரிய மனசு என்று கூட்டமே எழுந்து நிற்கும். என் தாளை எனக்கே திருப்பிக் கொடுத்து, அதற்கும் இவளே கைதட்டல் வாங்கிக்கொள்வாள். நான் மேலே போய் இவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். டைரியை மூடிவிட்டு வேலைக்குப் போனேன்.

மாத்திரை நின்ற இருபத்திரண்டாம் நாள் காலையில், பல் துலக்கும்போது விழுந்தாள். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் கட்டியாகி அடைத்துக்கொண்டது. இரண்டு நாள் இருந்தாள். பேச்சு வரவில்லை; என் கையை மட்டும் விடவே இல்லை. அவள் தூங்கிய நேரத்தில் மெஷின் கூடத்துக்குப் போய், டைரியிலிருந்து அந்த மாதப் பக்கங்களைக் கழற்றிவிட்டு, மாத்திரைக் கட்டம் உள்ள பக்கங்களை அடித்துக் கோத்தேன். டிக்கும் நானே போட்டேன். டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மாத்திரை போட்டும் சிலருக்கு ரத்தத்தில் ஏறாமல் இப்படி ஆகிவிடும் என்றார். விழாவைத் தள்ளி வைத்தார்கள். கழற்றிய பக்கங்கள் இந்த உறையில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். உங்கள் வரைவில் அறுபது பக்கம் அவள். என்னைப் பற்றி ஒரே ஒரு வரி, ‘உறுதுணையாக இருந்த அக்கா’ என்று. செத்த பிறகும் நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். முதல் தாளை வரைந்தது நான். கடைசிப் பக்கங்களை அடித்து என் தங்கையைக் கொன்றதும் நான். போலீசுக்கு நீங்களே சொல்கிறீர்களோ, என்னையே போகச் சொல்கிறீர்களோ, எனக்கு இரண்டும் ஒன்றுதான். பைண்டரைக் கேட்டால், துக்கத்தில் அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார். நம்பாதீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தச் செய்தி பத்திரிகையில் வரும்போது அவள் படத்தைப் போடச் சொல்லாதீர்கள். இதில் அவளுக்கு எந்தப் பங்கும் இல்லை. யோசித்தது, செய்தது, முடித்தது எல்லாம் நான் ஒருத்திதான்.