ராஜா சாகும் நேரம்

ராயபுரத்தில் ஏறிய ஷேர் ஆட்டோவில் எதிரே இரண்டு பெண்கள். மூத்தவர் கையில் கூத்து சபாவின் இந்த வருட நோட்டீஸ்.

"ராஜா ஒம்போது மணிக்கே செத்துட்டா தண்ணிக்கு எங்கடி போறது?"

இளையவள் வாங்கிப் படித்தாள். "ஆமாக்கா. இந்த வாட்டி விடிய விடிய கெடையாதாம். ஆறுலேந்து ஒம்போதுதான்."

"போன வருசம் வரிக்கும் விடியக்காலம்தான் செத்தாரு. வூட்டுக்குப் போவசொல்ல கொயாயில தண்ணி வந்துகினு இருக்கும். கூத்துலன்னாலும் சாவு சாவுதான். தல முழுவாம எப்டி அடுப்பாண்ட போறது?"

"அன்னிக்கு மட்டும் காலைலயே ரெண்டு கொடம் புட்ச்சி வெச்சிடுக்கா."

மூத்தவர் அவளையே பார்த்தார்.

"உசுரோட கீற மனுசனுக்கு முன்னாடியே சாவுத் தண்ணி புட்ச்சி வெக்கச் சொல்றியா?"

இளையவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.