பெரியப்பாவுக்கு முதல் பிரதி

இல்ல நபீல் தம்பி, வாசலுக்குப் போக வேணாம். இப்பிடியே இந்த மதிலோரமா நிப்பாட்டுங்க. பொலிஸ் வந்து கேட்டா, உள்ள இருக்கிற கெழவனுக்குத் தலச்சுத்துன்னு சொல்லுங்க. அது ஒண்ணும் பெரிய பொய்யில்ல.

ஆமா, அந்த மண்டபந்தான். பெனர்ல தாடி வச்சிக்கிட்டுச் சிரிக்கிறானே, அவந்தான் பிரதீஸ். என் சம்சாரத்தோட தங்கச்சி மகன். நாவல் எழுதியிருக்கான், இன்னைக்கு வெளியீட்டு விழா. நான் உள்ள போயி, மேடையில ஏறி, முதல் பிரதி வாங்கணும். அழைப்பிதழ்ல பேரு போட்டிருக்காங்க. திருவாளர் ராஜலிங்கம்னு அச்சுல பாக்க, யாரோ பெரிய மனுசன் மாதிரி இருக்கு.

எறங்கல தம்பி. கொஞ்சம் இருங்க. எறங்குறதா வேணாமான்னு கெலிஓயாவுல உங்க ஆட்டோவுல ஏறுனதுலருந்து யோசிச்சிக்கிட்டுத்தான் வர்றேன். நேரம் இருக்கு. இப்பத்தான் விளக்கு ஏத்தியிருப்பாங்க. இன்னும் வரவேற்புரை, தலைமையுரை, அப்புறம் கொழும்புலருந்து வந்த ரெண்டு பேரு. எங்க ஆளுக மைக்கப் புடிச்சா, நீங்க இந்தக் கட்டுகலைலருந்து கண்டிக் குளத்தச் சுத்திட்டு வந்து டீயும் குடிச்சிரலாம்.

முதல் பிரதின்னா என்னான்னு கேக்குறீங்களா? அது பெரிய மரியாதப்பா. எப்பவும் கடை மொதலாளிமாருக்குத்தான் குடுப்பாங்க. அவரு மேடையில ஏறுவாரு, எழுதுனவரு புஸ்தகத்தக் குடுப்பாரு, மொதலாளி ஒரு கவரக் குடுப்பாரு, பொன்னாட போத்துவாங்க, ஃபோட்டோ எடுப்பாங்க. மொதலாளி அந்தப் புஸ்தகத்தத் தொறந்தே பாத்திருக்க மாட்டாரு, அது வேற கத. பிரதீஸுக்கும் ஒரு நகைக்கடைக்காரர் வாங்குறதா இருந்தாரு. இவன் வேணாம்னுட்டான். எங்க பெரியப்பாதான் வாங்கணும்னு ஒத்தக் கால்ல நின்னிருக்கான்.

எங்களுக்குப் புள்ள இல்ல தம்பி. இவன் ஆறாம் வகுப்புக்குக் கண்டிப் பள்ளிக்கொடத்துக்கு வந்தான், வந்தவன் எங்க வீட்டுலயேதான் இருந்தான். கஜலட்சுமிதான் சோறு போட்டு, உடுப்புத் தோச்சி, காச்சல் வந்தா முழிச்சிருந்து பாத்தது. கஜலட்சுமி, என் சம்சாரம். தவறி வருசமாச்சு. இவன் கலியாணம் முடிச்சப்பகூட தாய்க்குச் சேல எடுக்க முந்தி இவளுக்குத்தான் எடுத்தான். டிலானியும் நல்ல புள்ள. அதான், இவனோட வீட்டுக்காரி.

நானா? கம்பளையில ஒரு புடவைக் கடையில சேல்ஸ்மேன். வாலிப வயசுல சேந்தது, கண்ணு மங்குற வரைக்கும் அங்கதான். படிப்பு அஞ்சாம் வகுப்போட சரி. ஆனா வாசிப்பேன். சேல சுத்தி வர்ற பேப்பர்லருந்து ஆரம்பிச்சது, அப்புறம் லைப்ரரி. நாவல்னா எனக்கு உசிரு. இப்ப வர்றது எல்லாம் குண்டு குண்டா வருது, பாத்திருக்கீங்களா? தாத்தா கப்பல்ல வர்றாரு, அப்பா தோட்டத்து லய வீட்டுல பொறக்குறாரு, மகன் கனடாவுல பனியில நின்னு அழுவுறான். கொற சொல்லல தம்பி. நல்லாத்தான் எழுதுறாங்க. நானே அழுதிருக்கேன். அடுத்தவன் வீட்டு அழுகதானே, நிம்மதியா அழலாம்.

இது எங்க வீட்டு அழுக. அதான் வித்தியாசம்.

எழுபத்து நாலாம் வருசத்த வச்சி எழுதியிருக்கான். நீங்க அப்ப பொறந்திருக்க மாட்டீங்க. ஒரு பாணுக்கு விடிய முந்தி பேக்கரிக்குப் போயி கியூவுல நிக்கணும். அரிசிய ஒரு ஊர்லருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டு போக விடமாட்டாங்க. தேயிலத் தோட்டத்துல ஆளுக கீரையயும் மரவள்ளிக் கெழங்கையும் தின்னுட்டு வயிறு ஊதிச் செத்தாங்க. நாங்க அப்ப கம்பளைக்கு மேல ஒரு தோட்டத்துலதான் இருந்தோம். புதுசா கலியாணம் முடிச்ச நேரம்.

அதத்தான் எங்ககிட்ட வந்து வந்து கேட்டான். ஞாயித்துக்கிழமயானா வந்துருவான். போன மேசையில வச்சி ரெக்கோட் பண்ணுவான். முன் ரூம்ல என்னயக் கேப்பான், அப்புறம் குசினிக்குப் போயி, அடுப்புக்கிட்ட நிக்கிற அவளக் கேப்பான். ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வைக்கவே மாட்டான். ஒருத்தரு முன்னால ஒருத்தரு கூச்சப்படுவீங்க பெரியப்பா, தனித்தனியாத்தான் உண்ம வரும்னான். நல்ல யோசனன்னு நானும் நெனச்சேன். குசினிலருந்து சில நேரம் சிரிப்புச் சத்தம் கேக்கும், சில நேரம் ஒண்ணும் கேக்காது. என்ன கதச்சீங்கன்னு நான் அவகிட்ட கேட்டதில்ல. அவளும் என்கிட்ட கேக்கல.

நேத்து டிலானி வந்து புஸ்தகத்தக் குடுத்துட்டுப் போனா. மேடையில வாங்குறதுக்கு முந்தி நீங்க வாசிச்சிருக்கணும் பெரியப்பா, அவருக்குத் தெரியாமத்தான் கொண்டாந்தேன்னா. இப்ப யோசிச்சா, அந்தப் புள்ளைக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு.

உக்காந்து வாசிச்சேன். என்னயக் குடிகாரனா ஆக்கியிருக்கான் தம்பி! சிரிக்காதீங்க. நான் பொறந்ததுலருந்து சாராயத்த மோந்துகூடப் பாத்ததில்ல. நாவல்ல நான் குடிச்சிட்டு லயத்து வாசல்ல உருளுறேன், கங்காணி வந்து ஒதைக்கிறான். எங்க கங்காணி பாவம், பூன ஒதச்சாலே விழுந்துருவாரு.

சேச்சே, அதுக்கா கோவம்? கதன்னா அப்பிடித்தான், உப்பும் புளியும் போடத்தான் செய்வாங்க. அந்த எடமெல்லாம் நான் சிரிச்சிக்கிட்டேதான் வாசிச்சேன்.

போன் அடிக்குது, ஆமா. அவந்தான். அடிக்கட்டும்.

தம்பி, உங்க ஆளுகள்ள எப்பிடின்னு எனக்குத் தெரியாது. எங்க தோட்டத்துல அந்தக் காலம் ஒரு வழக்கம். பேரு வைக்க முந்தி ஒரு புள்ள தவறிருச்சுன்னா அதுக்குப் பேரில்ல. சத்தம் போட்டு அழக்கூடாது. ஆம்பளைக துணியில சுத்தி எடுத்துட்டுப் போயி பொதச்சிட்டு வந்துரணும். எங்க வச்சோம்னு தாய்க்குச் சொல்லக்கூடாது. சொன்னா அவ அங்கேயே போயிப் போயி நிப்பா, அடுத்தது தங்காதும்பாங்க. தாயும் கேக்கக் கூடாது.

ஆமா, எங்களுக்குத்தான். பொம்பளப் புள்ள. எழுபத்து நாலு, ஐப்பசி மழ. தாய்க்கு வயித்துக்கு ஒண்ணுமில்ல, புள்ள எப்பிடி நிக்கும்? ஒரு பகல் இருந்துச்சு. நாந்தான் தூக்கிட்டுப் போனேன். லயத்துக்கு மேல ஏறிப் போனா ஒரு பெரிய பாற இருக்கும், அதுக்குக் கீழ எப்பவும் தண்ணி கசியும், பக்கத்துல ஒரு பலா மரம். அங்க வச்சேன். வந்து குளிச்சிட்டு வாசல்ல உக்காந்தேன். கஜா என்னயப் பாத்தா. நான் தரையப் பாத்தேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் நாங்க அதப் பத்திக் கதைக்கல. அவ மறந்துட்டான்னு நெனச்சேன். நான் மறந்துட்டேன்னு அவ நெனச்சிருப்பா. எங்களுக்கு அடுத்தது தங்கவும் இல்ல. வழக்கத்த ஒழுங்காத்தான் காப்பாத்துனோம்.

பிரதீஸுக்கு அந்த எடத்தச் சொன்னேன். வாழ்க்கையில ஒருத்தனுக்குச் சொன்னேன்னா அது அவனுக்குத்தான். பாற, பலா மரம், தண்ணி, எல்லாம் சொன்னேன். சொல்லி முடிச்சதும் நெஞ்சு லேசாச்சு. அவன் என் கையப் புடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தான்.

புஸ்தகத்துல கடைசி அத்தியாயம் அதுதான். நாவல்ல வர்ற மகன், வயசான தாயக் கூட்டிக்கிட்டு மலையேறிப் போறான். அந்தப் பாறையக் காட்டுறான். அந்தம்மா ஈரத்துல உக்காந்து, கையால மண்ணத் தடவிக்கிட்டு, புள்ளயப் பேரு சொல்லிக் கூப்புடுது. சந்தனம்னு. சந்தனம், நான் வந்துட்டேன்டின்னு.

பேரு தம்பி. பேரே வைக்காத புள்ளைக்குப் பேரு.

இவன் சும்மா போட்டிருப்பான்னுதான் மொதல்ல நெனச்சேன். ஆனா அந்தப் பேரு கஜாவோட அம்மாச்சி பேரு. தமிழ்நாட்டுலயே செத்துப்போன கெழவி அது. பிரதீஸுக்கு அந்தப் பேரு தெரிய வழியே இல்ல, அவங்க வீட்டுல பெரியவங்க பேர யாரும் வாய்விட்டுச் சொல்றதில்ல. அப்ப கஜாதான் சொல்லியிருக்கா. குசினியில வச்சி. அந்த ஒரு பகல்ல, யாருக்கும் தெரியாம, காதுக்குள்ள பேரு வச்சிருக்கா. நான் தூக்கிட்டுப் போனப்ப அந்தப் புள்ளைக்குப் பேரு இருந்திருக்கு.

ஆமா, மொதல்ல அவ மேலதான் கோவம் வந்துச்சு. மறைக்கல. அம்பது வருசம் ஒண்ணா சாப்பிட்ட ஆளு, எனக்குச் சொல்லாம அவனுக்குச் சொன்னியேடின்னு படத்தப் பாத்துக் கேட்டேன். அப்புறம் நானும் அதத்தானே செஞ்சேன்னு நெனப்பு வந்துச்சு. அந்தக் கோவம் அதோட போச்சு.

கேக்குதா? மைக்ல என் பேருதான். எல்லாரும் கைதட்டுறாங்க. திருவாளர் ராஜலிங்கம் அவர்களை அன்போடு அழைக்கிறோமாம். பொம்பளப் புள்ள நல்லாத்தான் கூப்புடுது.

ஆட்டோவத் திருப்புங்க தம்பி.

வீட்டுக்கு இல்ல. கெலிஓயாவத் தாண்டி நேரா கம்பளைக்கு விடுங்க. மேல தோட்டத்துக்குப் பாத இருக்கு, ஆட்டோ ஏறும். இருட்ட முந்திப் போயிரலாம்.

ஒரு நிமிசம் எறங்கி அவனப் பாத்துட்டு வரலாம்தான். நீங்க சொல்றது சரிதான், புள்ளயா வளத்தவன், இன்னைக்கு அவனுக்குப் பெரிய நாளு. ஆனா காலையில அவனுக்குப் போன் போட்டேன். பேரு பெரியம்மா சொன்னதான்னு கேட்டேன். ஆமா பெரியப்பா, எல்லாப் பேரையும் மாத்துனேன், அத மட்டும் மாத்த மனசு வரலன்னான். அவ எப்பச் சொன்னான்னு கேட்டேன். பொங்கல் கழிஞ்சு சொன்னாளாம். சொல்லிட்டு, புள்ளய எங்க வச்சாருன்னு பெரியப்பா உன்கிட்ட எப்பவாச்சும் சொன்னாராய்யான்னு கேட்டிருக்கா. எனக்குத் தெரியாது பெரியம்மான்னு சொல்லியிருக்கான்.

நான் அவனுக்கு எடத்தச் சொன்னது அதுக்கு முந்தின தீவாளிக்கு.

கஜா அந்தப் பொங்கலுக்கு அடுத்த ஆவணியிலதான் தவறுனா. ஆடியிலகூட கதிர்காமம் போயி, ஒருத்தர் கையயும் புடிக்காம நடந்துட்டு வந்தா. வீட்டுலருந்து கம்பளைக்கு ஒரு பஸ், அங்கருந்து ஒரு ஏத்தம், அவ்வளவுதான் தூரம். பேரும் எடமும் ரெண்டும் இவன் போனுக்குள்ள இருந்திருக்கு. அவ அந்தக் குசினியிலயே இருந்து செத்துப்போனா. ஏன்டா அவகிட்டச் சொல்லலன்னு கேட்டேன் தம்பி. சொல்றான், நான் சொல்லியிருந்தா நீங்க ரெண்டு பேரும் அங்க போயி அழுது முடிச்சிருப்பீங்க பெரியப்பா, எனக்குக் கடைசி அத்தியாயம் கெடச்சிருக்காதுன்னு.

பின்னால பஸ் வருது, பாத்துத் திருப்புங்க.